குறுந்தொகையை முதன்முறை வாசிப்பவருக்கு: ஒரு பொது வாசகரின் வழிகாட்டி

தமிழ் இலக்கணம் பள்ளிப் பாடத்தோடு நின்றுபோன ஒரு பொது வாசகர் சங்க இலக்கியத்துக்குள் நுழைய விரும்பினால், அவர் முதலில் எடுக்க வேண்டிய நூல் குறுந்தொகை என்றே நான் சொல்வேன். கடவுள் வாழ்த்து நீங்கலாக அதில் 401 பாடல்கள் உள்ளன. 307, 391 ஆகிய இரண்டும் 9 அடி கொண்டவை என்பதைத் தவிர, மற்றவை அனைத்தும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடுகின்றன. முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாடல் பிடிபடாமல் போனாலும் அடுத்த பாடல் அதனால் கெட்டுப்போவதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பியபின் கிடைக்கும் அரைமணி நேரத்தில் ஒரு பாடலை முழுமையாக வாசித்து, அதை மனத்தில் வைத்துக்கொண்டே உறங்கப் போகலாம்.

கீழே சொல்லப்படும் முறையின் மையம் மிக எளியது. பாடலை யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் பேசும் பேச்சாகக் கேட்க வேண்டும். கேட்டபோது மனத்தில் என்ன தோன்றியதோ அதை உரையைத் திறப்பதற்கு முன்பே குறித்துவைக்க வேண்டும். மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் துணை செய்பவை.

முதல் படி: நூலைத் தேர்ந்தெடுத்தல்

மூலமும் பதவுரையும் சேர்ந்த பதிப்பு ஒன்று வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பு இன்றும் முதன்மையானது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்தில் அவருடைய உரையைக் கட்டணமின்றி வாசிக்கலாம். மூலம் மட்டும் போதுமென்றால் மதுரைத் திட்டம் என்னும் இணைய நூல் தொகுப்பில் கிடைக்கிறது. சந்தி பிரிக்காத பழைய வடிவமும், சொற்களைப் பிரித்து அச்சிட்ட வடிவமும் அருகருகே இருந்தால் தொடக்கத்தில் மிகவும் உதவியாக இருக்கும், ஏனெனில் பொது வாசகரை விரட்டுவது பெரும்பாலும் சொற்களின் பழமை அன்று, அவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் தோற்றமே. அகராதி தேவைப்படும் இடங்களில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கைகொடுக்கும்.

உரையாசிரியர்கள் மீது அச்சம் கொள்ள வேண்டாம் என்பதற்கு இங்கே ஒரு வரலாற்றுக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். குறுந்தொகையின் 380 பாடல்களுக்குப் பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியரும், அவர் எழுதாத 20 பாடல்களுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினர் என்ற செய்தி உண்டு. அந்த உரைகள் நம் கைக்கு வந்து சேரவில்லை. சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல் இந்நூலை முதன்முதலாக அச்சுக்குக் கொண்டுவந்தபோது தாமே புதிதாக உரை எழுத வேண்டியிருந்தது. அதாவது, நாம் இன்று நம்பி வாசிக்கும் முழு உரைகள் எல்லாம், பழைய உரையின் துணையின்றி மூலத்தை நேருக்கு நேர் நின்று பார்த்தவர்கள் நம் காலத்துக்கு அருகிலிருந்து எழுதியவை. அவர்களுடைய புலமை நமக்கு இல்லை. ஆனால் அவர்களும் பாடலைத்தான் முதலில் பார்த்தார்கள், நாமும் பாடலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: முதல் பாடலிலிருந்து தொடங்காதிருத்தல்

வரிசைப்படி வாசிப்பதுதான் ஒழுங்கு என்று நினைத்து முதல் பாடலில் தொடங்குபவர்கள் அங்கேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். அப்பாடலில், அசுரர்களை அழித்த முருகனின் குன்றம் குருதி நிறக் காந்தள் பூக்களை உடையது என்ற செய்தி மட்டுமே வெளிப்படையாக இருக்கிறது. தலைவன் காந்தட்பூவைக் கையுறையாக, அதாவது காதல் பரிசாக, நீட்டுகிறான் என்பதும், எங்கள் மலையிலேயே அது நிறைய இருக்கிறதே என்று தோழி அதை மறுக்கிறாள் என்பதும் தெரியாதவருக்கு அது வெறும் மலை வருணனையாகத் தோன்றி மறைந்துவிடும். நூலோடு சற்றுப் பழகியபின் திரும்பிவர வேண்டிய பாடல் அது.

தொடக்கத்துக்கு 40, 3, 25, 28, 41, 167, 8, 58 ஆகிய எட்டுப் பாடல்களை இதே வரிசையில் பரிந்துரைக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பாடலுக்கு மேல் வேண்டாம். இவற்றுள் 40ஆம் பாடலை முதலில் வைப்பதற்குக் காரணம் அது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான். திருமண அழைப்பிதழ்களிலும் மேடைப் பேச்சுகளிலும் கேட்டுக் கேட்டு, நாம் அதை வாசிக்காமலே வாசித்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

என் தாயும் உன் தாயும் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்துகொண்டோம் என்று கேட்டுவிட்டு, செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நெஞ்சங்கள் தாமே கலந்துவிட்டன என்று பாடல் முடிகிறது. பாடலோடு இணைந்து வரும் பழைய குறிப்பைப் படித்தால்தான் இதன் மறுபக்கம் தெரிகிறது. முதன்முறை கூடியபின், இவன் நம்மைப் பிரிந்துபோய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகமாற்றத்தைக் கண்ட தலைவன் இதைச் சொல்கிறான். அப்படியானால் இது வெற்றிக் களிப்பில் சொல்லப்பட்ட காதல் முழக்கம் அன்று. பயந்திருக்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்லப்படும் உறுதிமொழி. அவள் அஞ்சும் காரணங்களையே, நமக்குள் குலத் தொடர்போ முன்னறிமுகமோ இல்லை என்பதையே, அவன் முதல் மூன்று அடிகளில் மறைக்காமல் எடுத்துவைக்கிறான். இந்த நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது. புகழ்பெற்ற வரிகளுக்குப் பின்னால் பாடல் ஒளிந்துகொண்டிருக்கக்கூடும் என்பதை உணர இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை.

மூன்றாம் படி: வாய்விட்டுப் படித்தல்

பொருளைத் தேடுவதற்கு முன் பாடலை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். குறுந்தொகைப் பாடல்கள் அகவல் என்னும் ஆசிரியப்பாவால் ஆனவை. ஒவ்வோர் அடியிலும் நான்கு சீர்கள் இருக்கும். கடைசி அடிக்கு முந்தைய அடியில் மட்டும் மூன்று சீர்கள் வரும். மேலே உள்ள பாடலில் ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்பதே அந்தக் குறைந்த அடி. நான்கு நான்காக நடந்துவந்த குரல் அந்த இடத்தில் ஒரு சீர் குறைந்து நிற்கிறது, பின்னர் கடைசி அடியில் இறங்கி முடிகிறது. நான் பரிந்துரைத்த எட்டுப் பாடல்களிலும் இந்த அமைப்பு உண்டு என்பதையும், அவற்றுள் பலவற்றில் பாடலின் உயிரான உவமை அந்தக் குறைந்த அடியிலேயே வந்து அமர்ந்திருப்பதையும் காது தானாகக் கண்டுகொள்ளும். இலக்கணப் பெயர்கள் மறந்துபோனாலும் இந்த நிறுத்தம் மறக்காது.

ஔவையாரின் 28ஆம் பாடலை இந்தப் பயிற்சிக்கென்றே வைத்துக்கொள்ளலாம். ‘முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்’ என்று தொடங்கி, ‘ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்’ என்று ஏறி, தன் நோய் அறியாமல் தூங்குகிற ஊரைச் சொல்லி முடியும் அந்தப் பாடலை மௌனமாக வாசிப்பது அதற்குச் செய்யும் அநீதி. ஊர் உறங்கும் நேரத்தில் விழித்திருக்கும் ஒருத்தியின் ஆத்திரம் அதன் வல்லின ஓசையில் இருக்கிறது.

நான்காம் படி: பேசுபவர், கேட்பவர், ஒளிந்து நிற்பவர்

இதுவே முறையின் இதயமான பகுதி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். குறுந்தொகையில் உள்ளவை போன்ற அகப்பாடல்களில், அதாவது காதலையும் இல்லறத்தையும் பாடும் பாடல்களில், புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவன், தலைவி, தோழி, செவிலித்தாய், பரத்தை போன்ற ஒருவர் பேசுகிறார், வேறொருவர் கேட்கிறார். வெள்ளிவீதியார் ஒரு பெண்பாற் புலவர். ஆனால் அவருடைய 58ஆம் பாடல் தலைவன் தன் தோழனிடம் பேசுவதாக அமைந்தது. தன்னை இடித்துரைக்கும் நண்பனிடம், கையும் இல்லாத, வாய்பேசவும் இயலாத ஒருவன் வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெயைக் கண்ணால் மட்டுமே காத்துக்கொண்டிருக்க, அது உருகிப் பரவுவதைப் போலத் தன் நோய் பரவுகிறது என்று அவன் சொல்கிறான். உருகுவதைப் பார்க்க முடிகிறது, எடுக்கவும் முடியவில்லை, யாரையும் அழைக்கவும் முடியவில்லை. ஓர் ஆணின் கையறு நிலையை ஒரு பெண் இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார் என்பதை, பேசுபவரையும் புலவரையும் பிரித்துப் பார்க்கும்போதுதான் உணர முடியும்.

சில பாடல்களில் மூன்றாமவர் ஒருவரும் உண்டு. தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்பதைச் ‘சிறைப்புறம்’ என்று குறிப்புகள் சொல்லும். 3ஆம் பாடலைப் பாருங்கள்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்னும் இந்தப் புகழ்பெற்ற சொற்கள் தனிமையில் பாடப்பட்டவை அல்ல. தலைவன் வேலிப்புறத்தில் நிற்கிறான். அவன் காதில் விழுந்து விரைவில் மணம் பேச வரட்டும் என்று தோழி அவனைக் குறைகூறுகிறாள். அதைப் பொறுக்காமல் தலைவி அவனை உயர்த்திப் பேசுகிறாள். ஒரு வாக்குவாதத்தின் நடுவில் வந்த மறுமொழி என்று தெரிந்தவுடன் பாடலுக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. அவள் நிலம், வானம், கடல் என்று அளக்க முடியாதவற்றை எல்லாம் தாண்டிவிட்டு, அடுத்த மூச்சில் ஒரு மலைச்சரிவுக்கும், கருத்த காம்புள்ள குறிஞ்சிப் பூவுக்கும், அதில் தேன் சேர்க்கும் வண்டுக்கும் இறங்கிவருகிறாள். உலகத்தைவிடப் பெரிதான ஒன்று அந்தச் சிறிய பூவில் துளித்துளியாகச் சேர்ந்தது என்றே எனக்குப் படுகிறது.

கேட்பவர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கூடலூர் கிழாரின் 167ஆம் பாடலைப் போல இன்னொன்று இல்லை.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

புதிதாக மணமான பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள், விரலைத் துடைத்த ஆடையை மாற்றாமலே உடுத்தியிருக்கிறாள், தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணை நிறைக்கிறது, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான், அவள் முகம் நுண்ணியதாக மகிழ்கிறது. இதை ஓர் இல்லறக் காட்சி என்று ரசித்துவிட்டுப் போகலாம். ஆனால் பேசுபவர் செவிலித்தாய். மகளின் புது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். மகளைப் பிரிந்திருக்கும் தாய் கேட்க விரும்பும் கேள்வி, அவள் நன்றாக இருக்கிறாளா என்பது ஒன்றுதான். அதற்கு விடையாகச் செவிலி செல்வத்தையோ நகையையோ சொல்லவில்லை. அழுக்கான ஆடையையும் புகை படிந்த கண்ணையும் சொல்கிறாள். அந்த மகிழ்ச்சி ‘நுண்ணிதின்’ தோன்றியது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்: வேறு யாரும் கவனிக்க முடியாத அந்தச் சிறு மலர்ச்சியை, அம்முகத்தைக் குழந்தைப் பருவத்திலிருந்து பார்த்து வளர்த்தவளால் மட்டுமே கண்டுகொள்ள முடியும். கேட்கிற தாய்க்கும் அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்திருக்கும்.

ஐந்தாம் படி: காட்சியை நின்று பார்த்தல்

குறிஞ்சியில் கூடல், முல்லையில் காத்திருத்தல், மருதத்தில் ஊடல், நெய்தலில் இரங்கல், பாலையில் பிரிதல் என்ற ஐந்திணைப் பகுப்பு நம்மில் பலருக்குப் பள்ளியிலேயே மனப்பாடமாகியிருக்கும். அதை ஓர் அட்டவணையாக முன்னால் வைத்துக்கொண்டு பாடலை அதற்குள் பொருத்தத் தொடங்கினால் வாசிப்பு உலர்ந்துபோகும். பாடலில் என்ன மரம், என்ன பறவை, என்ன நீர் என்று முதலில் பார்த்துவிட்டு, திணையைப் பிறகு நினைவுபடுத்திக்கொள்வதே நல்லது.

கபிலரின் 25ஆம் பாடலில் இதை முயன்று பார்க்கலாம்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

களவில், அதாவது மணத்துக்கு முன் மறைவாக, கூடியவன் மணத்தைத் தள்ளிப்போடுகிறான். தலைவி தோழியிடம் பேசுகிறாள். அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அதன்பின், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினையின் தாள் போன்ற சிறிய பசுமையான கால்களோடு ஒரு குருகும் அங்கே இருந்தது என்கிறாள். இங்கே நின்று அந்தப் பறவையைப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் சாட்சி. பறவை பேசாது, பேசினாலும் அதன் கண் மீன்மீதே இருந்தது, இவர்களை அது பார்க்கவே இல்லை. யாரும் இல்லை என்று சொன்னவள் மனம் பொறுக்காமல் ஒரு சாட்சியைத் தேடிப் பிடிக்கிறாள், அந்தச் சாட்சியும் பயன்படாது என்பது அவளுக்கே தெரிகிறது. அந்தக் காலின் நிறம்வரை அவள் நினைவில் வைத்திருக்கிறாள் என்பது என்னை வெகுநேரம் விடவில்லை. அன்று நடந்ததில் ஒரு துளியையும் அவள் இழந்துவிடவில்லை, அதை மெய்ப்பிக்கும் வழி மட்டும் அவளிடம் இல்லை.

சில பாடல்களில் காட்சி வேறொரு செய்தியையும் உள்ளே வைத்திருக்கும். இதை உள்ளுறை என்பர். ஆலங்குடி வங்கனாரின் 8ஆம் பாடலில், வயலோர மாமரத்திலிருந்து உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிறது. பேசுபவள் தலைவன் நாடிப்போகும் பரத்தை, தன்னைத் தலைவி பழித்ததாகக் கேள்விப்பட்டு, தலைவியைச் சேர்ந்தவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். பழத்தை மீன் தேடிப் போகவில்லை, தானாகவே வந்து விழுந்தது என்ற காட்சிக்குள், அவனை நான் வலிந்து இழுக்கவில்லை என்ற மறுப்பு அடங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் பெருமை பேசுகிறவன், தன் வீட்டில், கையும் காலும் தூக்கினால் தானும் தூக்குகிற கண்ணாடிப் பிம்பத்தைப் போல, தன் மகனின் தாய் விரும்பியதைச் செய்கிறான் என்று அவள் முடிக்கும்போது, உள்ளுறையும் உவமையும் ஒரே பாடலில் எப்படி வேலை செய்கின்றன என்பது விளங்கிவிடும். எல்லாப் பூவிலும் பறவையிலும் உள்ளுறை தேட வேண்டியதில்லை. பேசுபவரின் மனநிலையோடு காட்சி இயல்பாகப் பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும்.

ஆறாம் படி: எண்ணத்தை எழுதிவைத்து, பிறகு உரையைத் திறத்தல்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாடல் எண்ணை எழுதி, அதன்கீழே மனத்தில் நின்ற காட்சியையும், புரியாமல் இடறிய சொல்லையும் நான்கைந்து வாக்கியங்களில் எழுதிவைக்க வேண்டும். நன்றாக எழுத வேண்டும் என்ற கவலை தேவையில்லை. உரையைப் படித்தபின் எழுதினால் உரையாசிரியரின் எண்ணமே நம் எண்ணமாக வந்து உட்கார்ந்துவிடும் என்பதால்தான் இந்த வரிசையை வற்புறுத்துகிறேன்.

பின்னர் உரையைத் திறக்கும்போது, முதலில் இடறிய சொற்களுக்குப் பதவுரையைப் பார்க்க வேண்டும், அடுத்து, பேசுபவர் யார் என்று சொல்லும் கூற்றுக் குறிப்பு, அதன்பிறகு விளக்கம். சாமிநாதையர் பதிப்பில் ஒப்புமைப் பகுதி என்று ஒன்று இருக்கும். இதே உவமையோ தொடரோ வேறு எந்த நூல்களில் வருகிறது என்பதை அவர் அங்கே திரட்டித் தந்திருக்கிறார். முதல் வாசிப்பில் அதை விட்டுவிடலாம், மறுவாசிப்பில் அதுவே மிகச் சுவையான பகுதியாக மாறும். உங்கள் எண்ணம் உரையோடு முரண்பட்டால் இரண்டையும் மூலத்தின் சொற்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். சொற்பொருளில் உரையாசிரியர் சொல்வதை ஏற்பதே முறை. ஒரு காட்சி நம்மை ஏன் தொட்டது என்பதில் நம் குறிப்பை அடித்துவிட வேண்டியதில்லை.

ஏழாம் படி: எட்டுப் பாடல்களுக்குப் பின்

அடுத்த பாடல்களைப் புலவர் வழியாகத் தேர்ந்தெடுப்பது நல்ல முறை. வெள்ளிவீதியாரின் 27ஆம் பாடலையும் ஔவையாரின் 23ஆம் பாடலையும் தொடர்ந்து வாசிக்கலாம். இயற்பெயர் மறைந்துபோய், தம் பாடலின் ஒரு தொடராலேயே பெயர் பெற்ற புலவர்கள் இந்நூலில் பலர் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போவது இன்னொரு வழி. காதலர் அருகில் இருந்தால் விழாக்கொண்ட ஊர் போல மகிழ்வேன், அவர் பிரிந்தால் மக்கள் விட்டுப்போன, முற்றத்தில் அணில் விளையாடும் வீடு போலப் பொலிவிழப்பேன் என்று சொல்லும் 41ஆம் பாடலின் ஆசிரியர் அணிலாடு முன்றிலார் ஆனார். 290இல் கல்பொரு சிறுநுரையார், 305இல் குப்பைக் கோழியார், 54இல் மீனெறி தூண்டிலார் என்று இவர்களை வரிசையாக வாசித்தால், ஒவ்வொருவரையும் காப்பாற்றிவைத்தது எந்தக் காட்சி என்பதைக் காணலாம்.

நூலில் பாதியையேனும் இப்படிக் கடந்தபின் ஐங்குறுநூறுக்குப் போகலாம். 3 முதல் 6 அடி கொண்ட 500 பாடல்கள், ஒரு திணைக்கு ஒரு புலவர் நூறு பாடல் வீதம் பாடியவை. அங்கே ஒரே சூழல் பத்துப் பத்தாகத் திரும்பத் திரும்ப வருவதால், பேசுபவரை அடையாளம் காணும் பழக்கம் உறுதிப்படும். 9 முதல் 12 அடி கொண்ட நற்றிணை அதற்குப் பின். 13 முதல் 31 அடிவரை நீளும் அகநானூற்றில் ஒரே வாக்கியம் பாடல் முழுவதும் ஓடுவதுண்டு என்பதால், கடைசி அடியிலுள்ள வினையை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வாசிக்கும் பழக்கத்தைக் குறுந்தொகையிலேயே ஏற்படுத்திக்கொண்டு அதனிடம் போவது நல்லது.